நோயாளியின் கதையை எழுதி வைப்பவர் யார்?

வைத்தியருக்கு வேண்டிய கருவிகள் எவையென ஒரு மாணவனை வினவினால், ஸ்டெதஸ்கோப்பு, வெப்பமானி, ஊசி, நுணுக்குக்காட்டி என்று அவன் அடுக்கிக்கொண்டே போவான். அவை எல்லாவற்றிலும் மலிவானதும், எல்லாவற்றிலும் எளிதில் தொலைந்துபோவதுமான ஒரு கருவியை மட்டும் மறந்துவிடுவான். அதுதான் நோயாளியைப் பற்றிய குறிப்பு. சென்ற மாதம் என்ன மருந்து கொடுக்கப்பட்டது, எந்த மருந்து உடம்புக்கு ஒவ்வாமற் போயிற்று, இரத்தப் பரிசோதனையின் முடிவு என்ன என்பவற்றை அறியாத வைத்தியர் எத்துணை வல்லவராயினும் இருட்டிலே வழி தேடுபவரேயாவர்.

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளின் கிளினிக்குகளுக்குச் செல்வோர் பலரின் கையிலே ஒரு கொப்பி இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அட்டை கிழிந்து, மழையில் நனைந்து, மருந்துத் துண்டுகள் செருகப்பட்டிருக்கும் அந்தக் கொப்பியிலேதான் பல ஆண்டுகளின் நீரிழிவும் இரத்த அழுத்தமும் எழுதப்பட்டிருக்கும். அது தொலைந்தால் நோயாளியின் கதையும் அதனுடனே தொலைந்துவிடும்.

இக்குறையைப் போக்கக் கணினி வந்துள்ளது. செல்வந்த நாடுகளில் நோயாளரின் குறிப்புகள் பெரும்பாலும் கணினியிலேயே எழுதப்படுகின்றன. வறிய நாடுகளும் அவ்வழியே செல்ல முயல்கின்றன. ஆனால், கணினியை வாங்கி மேசைமீது வைத்தவுடன் காரியம் முடிந்துவிடும் என்று எண்ணுவது பெருந்தவறு. அதனை விளக்குவதற்குக் கிழக்கு ஆபிரிக்காவிலுள்ள கென்யா நாட்டிலிருந்து ஓர் உண்மை வரலாற்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

மொசோரியற் கிராமத்தின் இரண்டு பாடங்கள்

கென்யாவின் மேற்குப் பகுதியில், எல்டொரெற் நகருக்குத் தெற்கே, நந்தி மக்கள் வாழும் மலைநாட்டில் மொசோரியற் என்னும் கிராமிய சுகாதார நிலையம் இருக்கின்றது. இத்தகைய நிலையங்களில் நோயாளரைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்ற வைத்தியர்கள் அல்லர். மூன்றாண்டுப் பயிற்சி பெற்ற மருத்துவ உத்தியோகத்தர்களும் தாதியருமே அப்பணியைச் செய்கின்றனர். முற்காலத்தில் நம் கிராமங்களிலே அப்போதிக்கரிமார் செய்த தொண்டை இதற்கு ஒப்பிடலாம்.

அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு பெரிய பதிவேடு இருந்தது. ஒரே நோயாளியின் பெயரும் ஊரும் வயதும் பிரிவுக்குப் பிரிவு திரும்பத் திரும்ப எழுதப்பட்டன. எழுதப்பட்டவையோ பதிவேட்டின் பழைய பக்கங்களிலே புதைந்து கிடந்தன. அடுத்த முறை அந்த நோயாளி வரும்போது எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகமும் எல்டொரெற்றிலுள்ள மோய் பல்கலைக்கழகமும் மருத்துவத் துறையில் நெடுநாள் உறவு பூண்டவை. அவற்றின் அறிஞர்கள் 2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் மொசோரியற்றிலே ஒரு சிறு கணினி முறையைத் தொடக்கினார்கள். மின்சாரம் நின்றாலும் வேலை நில்லாதிருக்க மாற்று ஏற்பாடுகள் செய்யப்பட்டன. வைத்தியம் செய்வோர் கணினியைத் தொடவேண்டியதில்லை. நோயாளியுடன் ஒரு காகிதப் படிவம் பிரிவு பிரிவாகச் செல்லும். அதில் எழுதப்பட்டவற்றைப் பின்னர் இலிகிதர் கணினியிற் பதிவார். முதல் ஆறு மாதங்களில் 6,190 நோயாளரின் 10,000 வருகைகள் பதியப்பட்டன.

இதன் பயனை அளந்து 2003ஆம் ஆண்டிலே ஜோசப் ரோட்டிச்சும் அவருடைய தோழர்களும் வெளியிட்டார்கள். நோயாளி ஒருவர் நிலையத்திலே கழிக்கும் நேரம் நூற்றுக்கு 22 பங்கு குறைந்திருந்தது. காத்திருக்கும் நேரம் நூற்றுக்கு 38 பங்கு குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். எனினும், இந்த இரண்டாவது குறைவு தற்செயலாய் நேர்ந்திருக்கலாம் என்னும் ஐயத்தைப் புள்ளியியல் முற்றாக நீக்கவில்லை என்பதையும் மாணவர்கள் கவனிக்கவேண்டும். எண் ஒன்றைக் கண்டவுடன் கைகொட்டாது, அதன் உறுதியையும் வினவுவதே கல்வியின் இலக்கணம்.

இது முதற் பாடம். எளிய கருவிகளைக் கொண்டும், ஏழைக் கிராமத்திலும் இக்காரியம் நடைபெறக்கூடும் என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது.

இரண்டாவது பாடம் சற்றுக் கசப்பானது. நோயாளி தமக்குச் சிகிச்சை செய்வோருடன் கழித்த நேரம் நூற்றுக்கு 58 பங்கு குறைந்துவிட்டது! ஊழியர்கள் நோயாளருடன் பழகும் நேரம் பாதியாயிற்று. தம்முள் ஒருவரோடொருவர் பேசும் நேரம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. தங்கள் சொந்த அலுவல்களிற் செலவிட்ட நேரமோ கூடியிருந்தது. குறைந்த நேரத்தில் ஒரு பகுதி பதிவேடுகளைப் புரட்டி வீணாக்கிய நேரமாயிருந்திருக்கலாம். அவ்வாறாயின் அது குறைந்தது நன்றே. ஆயினும், மிச்சப்பட்ட நேரம் தானாகவே நோயாளியிடம் திரும்பிச் செல்லவில்லை என்பது தெளிவு. இயந்திரம் நேரத்தை மீதப்படுத்தித் தரும். அந்த நேரத்தை என்ன செய்வது என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டும். கணினியை ஏற்றிப் போற்றும் பிரசங்கங்களில் இந்த இரண்டாம் பாடம் பெரும்பாலும் கேட்பதில்லை.

பெயரில் விளையும் குழப்பம்

கணினியிலே குறிப்பெழுதுவதற்கு முன் தீர்க்கவேண்டிய முதற் பிரச்சினை, "வந்திருப்பவர் யார்?" என்பதாகும். கேட்பதற்கு இது சிறு கேள்விபோலத் தோன்றும். ஆனால் நந்தி மக்களும் அவர்களுடைய இனத்தவராகிய கலென்ஜின் மக்களும் குழந்தை பிறந்த வேளையைக் கொண்டு பெயரிடும் வழக்கமுடையவர்கள். பகலிலே பிறந்த ஆண் கிபெற், பெண் செபெற். மாடுகள் பட்டிக்குத் திரும்பும் வேளையிற் பிறந்தவன் கிப்ரோட்டிச். அழகான வழக்கந்தான்! ஆனால், ஒரு காலைப்பொழுதிலே கிளினிக்குக்கு எத்தனை கிபெற்றும் எத்தனை செபெற்றும் வருவார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். பிறந்த திகதியைச் சரியாகச் சொல்ல இயலாத முதியோரும் அவர்களிடையே இருப்பர்.

நமக்கும் இத்தொல்லை புதிதன்று. சண்முகநாதன் என்ற பெயரை ஆங்கில எழுத்திலே ஓர் இலிகிதர் ஒரு விதமாகவும் மற்றவர் இன்னொரு விதமாகவும் எழுதுவர். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்திற் பின்னும் வரும். மனிதக் கண் இருவரும் ஒருவரே என்று ஊகிக்கும். கணினியோ ஒருவரை இருவராக்கிவிடும்; அல்லது அதைவிடக் கொடிதாக, இருவரை ஒருவராக்கிவிடும். பெனிசிலின் ஒவ்வாதவரின் குறிப்பு வேறொருவருடைய ஏட்டிலே சென்று சேர்ந்தால் விளைவது எழுத்துப்பிழை அன்று, உயிர்ப்பிழை.

ஆகவே, ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறார்கள். இலக்கத்தையும் பிழையாக எழுதிவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீற்றர் லூன் என்பவர் கண்டுபிடித்து, 1960ஆம் ஆண்டிலே உரிமைப் பத்திரம் பெற்ற முறை அது. மாணவர்கள் பென்சிலை எடுத்துச் செய்து பார்க்கலாம்.

நோயாளியின் இலக்கம் 12345 என வைத்துக்கொள்வோம். வலக்கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள 5, 3, 1 ஆகியவற்றை இரட்டியுங்கள்: 10, 6, 2. பத்தை அவ்வாறே விடாது அதன் இரு இலக்கங்களையும் கூட்டி 1 எனக் கொள்ளுங்கள். 1, 6, 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 9. இரட்டிக்காத 4, 2 ஆகியவை 6. மொத்தம் 15. அடுத்த முழுப் பத்தாகிய 20ஐ அடைய 5 வேண்டும். அந்த ஐந்தே காவல் இலக்கம். ஆதலால் நோயாளியின் முழு இலக்கம் 12345-5. இலிகிதர் கை தவறி 13245-5 என்று எழுதிவிட்டால், கூட்டுத்தொகை 14 ஆகிக் காவல் இலக்கம் 6 ஆக வேண்டும். கணினி உடனே, "பிழை" என்று மறுத்துவிடும். இச்சிறு கணக்கு எத்தனையோ குழப்பங்களை வாசலிலேயே தடுத்து நிறுத்துகின்றது.

ஞாபகமூட்டும் இயந்திரம்

"இவ்வளவு தொல்லை எதற்கு? காகிதமே போதாதா?" என்று சிலர் கேட்கலாம். காகிதத்தால் இயலாத ஒரு தொழில் கணினிக்கு உண்டு. தக்க வேளையில் ஞாபகமூட்டுவதே அது.

இந்தியானாவிலே கிளமென்ற் மக்டொனல்ட் என்னும் வைத்தியர் 1976ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோயாளிக்குச் செய்யவேண்டிய காரியத்தைக் கணினி நினைவூட்டியபோது வைத்தியர்கள் நூற்றுக்கு 51 சந்தர்ப்பங்களில் அதனைச் செய்தார்கள். நினைவூட்டாதபோது நூற்றுக்கு 22 சந்தர்ப்பங்களிலேயே செய்தார்கள். அவர்கள் சோம்பேறிகளும் அல்லர்; அறிவிலிகளும் அல்லர். ஒரு மனித மூளை ஒரே நேரத்திலே தாங்கக்கூடிய விடயங்களுக்கு ஓர் எல்லையுண்டு என்பதே அவர் கண்ட உண்மை.

அதே உண்மை கென்யாவிலும் மெய்ப்பட்டது. மொசோரியற்றின் சிறு முறை, எச்.ஐ.வி. நோயாளர் ஆயிரக்கணக்கிற் பெருகியபோது போதாமற் போயிற்று. 2004ஆம் ஆண்டிலே எல்டொரெற்றுக்கு வந்த பேர்க் மாம்லின், போல் பயண்டிச் என்னும் இரு வைத்தியர்கள் இதனைக் கண்டு, எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய ஒரு மென்பொருளுக்கு அடிகோலினார்கள். ஓப்பன் எம்.ஆர்.எஸ். எனப்படும் அது 2006ஆம் ஆண்டு பெப்ரவரியில் எல்டொரெற்றிலும், அதே ஆண்டிற் பின்னர் ருவாண்டாவிலும் நடைமுறைக்கு வந்தது. பிற்காலத்தில் வேறு பல நாடுகளுக்கும் பரவியது.

இரத்தத்திலுள்ள குறித்த ஓர் அணுவகையை எண்ணும் பரிசோதனை எச்.ஐ.வி. நோயாளருக்கு இன்றியமையாதது. அதற்குரிய காலம் கடந்துவிட்டதென்று கணினி நினைவூட்டிய கிளினிக்கில் நூற்றுக்கு 53 பேருக்கும், நினைவூட்டாத கிளினிக்கில் நூற்றுக்கு 38 பேருக்கும் அப்பரிசோதனை கட்டளையிடப்பட்டதாக 2011ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். குழந்தைகளைக் குறித்த 2013ஆம் ஆண்டு ஆய்விலே வேறுபாடு இன்னும் பெரிதாயிருந்தது: காலம் கடந்த காரியங்களில் நூற்றுக்கு 68 நினைவூட்டலால் நிறைவேறின, நினைவூட்டலின்றி நூற்றுக்கு 18 மட்டுமே நிறைவேறின.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்த நினைவூட்டல்கள் ஒளித்திரையிலே தோன்றவில்லை. கணினி ஒரு சுருக்கத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுக்க, அது நோயாளியின் கோவையிலே வைக்கப்பட்டது. காகிதத்தைப் பகையாக எண்ணாது தூதுவனாக அமைத்துக்கொண்டமையே அம்முயற்சியின் சாதுரியம்.

மலாவி நாட்டினரும் இவ்வாறே செய்தனர். அங்கே நோயாளர், நம் கிளினிக் கொப்பியைப் போல, "சுகாதாரக் கடவுச்சீட்டு" என்னும் சிறு புத்தகத்தைத் தம்முடனே கொண்டுதிரிவர். பெயோபாப் என்ற தொண்டு நிறுவனத்தார் 2001ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு வைத்தியசாலைகளிற் கணினி முறையொன்றை அமைக்கலாயினர். தட்டச்சுப் பழகாதவரும் விரலால் தொட்டு வேலைசெய்யக்கூடிய திரைகளை அவர்கள் தெரிந்தெடுத்தார்கள். அவை குறைந்த மின்சாரத்தில் இயங்குபவை. நோயாளியின் இலக்கம் கோடுகளாக அச்சிடப்பட்ட ஒட்டுச்சீட்டு அந்தச் சிறு புத்தகத்தில் ஒட்டப்பட்டது. அன்றைய வருகையின் சுருக்கமும் அவ்வாறே அச்சாகி ஒட்டப்பட்டது. கணினி பழுதானாலும், நோயாளி வேறோர் ஊருக்குச் சென்றாலும், கதை அவர் கையிலேயே இருக்கும்.

தோல்வியும் ஓர் ஆசான்

எல்லா முயற்சிகளும் இவ்வாறு முடிந்தனவல்ல. தென்னாபிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் 42 வைத்தியசாலைகளுக்கென ஒரு பெருங் கணினித் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் செலவு 13 கோடியே 40 இலட்சம் ராண்ட். அத்திட்டம் தோல்வியுற்றது. ஏன் தோற்றது என்பதை ஆராய்ந்தவர்கள் 2003ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். வைத்தியசாலையில் அன்றாடம் நடைபெறும் வேலையின் சிக்கலைக் குறைவாக மதித்தமை. பயன்படுத்துவோருக்குப் போதிய பயிற்சி அளியாமை. பணம் கொடுத்தவரும், முறையை ஆக்கியவரும், அதனைப் பயன்படுத்தியவரும் வெவ்வேறு பயனை எதிர்பார்த்தமை. முன்னையோரின் தோல்விகளிலிருந்து எவரும் பாடம் கற்காமை ஆகியவையே அவர்கள் கண்ட காரணங்களுட் சில. இவற்றுள் எதுவும் இயந்திரத்தின் குறையன்று என்பதை நோக்குக.

இன்னுமொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு தாதி அரசாங்கத்துக்கென ஒரு பதிவேட்டையும், உதவி வழங்கும் வெளிநாட்டாருக்கென ஒரு படிவத்தையும், அவற்றுக்கு மேலாகக் கணினியையும் நிரப்பவேண்டுமாயின், கணினி அவளுக்குத் துணையன்று, மூன்றாவது சுமை. வாசலிலே நாற்பது பேர் காத்திருக்கையில் அவள் எதைக் கைவிடுவாள் என்று சொல்லவேண்டியதில்லை. அரைகுறையாய் நிரப்பிய குறிப்பினால் நம்பிக்கை குறையும். நம்பிக்கை குறைந்தால் எழுதுவதும் குறையும். பழைய பதிவேட்டை மூடிவிட்டுப் புதியதைத் திறக்கும் துணிவு மேலதிகாரிகளுக்கு வேண்டும். மொசோரியற்றிலே பல பதிவேடுகளுக்குப் பதிலாக ஒரே படிவம் வந்தமையே அம்முறை நிலைத்ததற்கு ஆதாரம் எனலாம்.

பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். கணினி நன்கொடையாக வந்துவிடும். பழுதுபார்ப்பவனின் சம்பளமும், பற்றரியின் விலையும், மின்சாரக் கட்டணமும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது, அதனை நம்பியிருந்த பல ஆபிரிக்க நாடுகளின் எச்.ஐ.வி. திட்டங்கள் பெரும் இடருக்குள்ளாயின. மொசோரியற் ஆய்வை எழுதியவர்களோ, கென்ய நாட்டவரே பொருளாலும் தொழில்நுட்ப அறிவாலும் இதனைத் தாங்குவதே எதிர்காலத்தின் திறவுகோல் என்று 2003ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தனர்.

இரகசியத்தைக் காப்பதும் கடமையே. கிழிந்த கொப்பியை ஒருவர் திருடினால் ஒரு நோயாளியின் இரகசியம் வெளிப்படும். கணினியின் கதவு திறந்து கிடந்தால் ஓர் ஊரின் இரகசியமே வெளிப்படும். கென்யா 2019ஆம் ஆண்டிலும் இலங்கை 2022ஆம் ஆண்டிலும் தனிப்பட்டோர் தரவுகளைப் பாதுகாக்கும் சட்டங்களை நிறைவேற்றின. ஆயினும், கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் திரையிலே ஒட்டிவைக்கும் கையைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது.

அப்படியாயின் கணினி வேண்டாமா? வேண்டும் என்பதே நம் முடிபு. குழந்தைகளுக்குச் செய்யவேண்டிய காரியங்களில் நூற்றுக்கு 18 நிறைவேறுவதற்கும் 68 நிறைவேறுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எந்தத் தாயும் அற்பமெனத் தள்ளமாட்டாள். ஆனால் அது வரும்போது சில வினாக்களை நாம் கேட்டாக வேண்டும். இக்குறிப்பு முதலில் யாருக்குப் பயன்படுகின்றது, நோயாளிக்கா, அறிக்கை கேட்கும் அலுவலகத்துக்கா? இதனால் தாதியின் எழுத்துவேலை குறைந்ததா, கூடிற்றா? மின்சாரம் நின்ற நாளில் என்ன செய்வார்கள்? உதவிப் பணம் நின்ற ஆண்டில் யார் நடத்துவார்கள்? மிச்சப்பட்ட நேரம் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்குச் செலவாகின்றதா?

மருத்துவமோ கணினியோ கற்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இவ்விரு துறைகளுக்கும் இடையே பாலம் அமைப்போர் நம் நாட்டுக்கும் மிகத் தேவை. மென்பொருள் எழுதப் புகுமுன் ஒரு முழுநாள் கிளினிக்கின் வாங்கிலே அமர்ந்து, யார் என்ன எழுதுகிறார், எதை இருமுறை எழுதுகிறார் என்று பார்த்து வாருங்கள். அந்த ஒருநாட் கல்வியை எந்தப் பாடப்புத்தகமும் தராது.

இல்லங்களிலுள்ளோருக்கும் ஒரு வேண்டுகோள். கணினி உங்கள் ஊருக்கு வரும்வரையிலும், வந்த பின்னரும், அந்தக் கிளினிக் கொப்பியைப் பேணி வையுங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரை முதற் பக்கத்திலே பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். வயது முதிர்ந்தோரின் கொப்பி வீட்டிலே எங்கே இருக்கின்றது என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும். அவசர வேளையில் அவர்களே அதை எடுத்துக்கொண்டு ஓடவேண்டியிருக்கும்.